யூசுஃபெலி 08825

"தங்கச்சியைத் தேடச் சொல்லி நான் வரலை மேடம்" என்றார் ஜெயபிரகாஷ். "அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். அங்கதான் இருக்கான்னு நீங்க எழுதிக் குடுத்தாப் போதும்."

ப்ரியம்வதா குறிப்பு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். நியூ ஜெர்ஸியின் வெஸ்ட் வின்ட்சரில், பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல் மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் அலுவலகம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துவிட்டு, லைசென்ஸ் வாங்கித் தனியாக ஆரம்பித்தது. இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் "கண்டுபிடிங்க" என்றுதான் கெஞ்சியிருக்கிறார்கள். கண்டுபிடித்தாயிற்று என்று சொல்லிக்கொண்டு வந்தவர் இவர்தான் முதல் ஆள்.

அறுபதை நெருங்கும் வயது. மழமழவென்று மழித்த முகம், யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போன்ற மெல்லிய குரல். மேஜையில் எடிசனில் வாங்கிய ஸ்வீட் பாக்ஸ். வெளியே நவம்பர் மழை, விடாமல் தூறிக்கொண்டிருந்தது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள் ப்ரியம்வதா.

அவர் சொன்னார். குழந்தைகளைக் காரில் உட்காரவைக்கும் கார் சீட் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் அவர் வைஸ் பிரெசிடென்ட். தங்கை அனந்தலக்ஷ்மிக்கு நாற்பத்தெட்டு வயது. அதே கம்பெனியின் டெஸ்ட் லேபில் இன்ஜினியர். அவளை அமெரிக்காவுக்கு வரவழைத்து, வேலை வாங்கிக் கொடுத்தது அவர்தான். அந்த சீட்டின் பெல்ட்டைப் பூட்டும் பக்கிள் மூன்று விபத்துகளில் தானாகத் திறந்துகொண்டது. மூன்று குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். அனந்தலக்ஷ்மி சாட்சி சொல்ல வேண்டிய நாள், நாளை காலை ஒன்பதரை மணி.

"பயந்துட்டா மேடம். மூணு வாரம் முன்னாடி யார்கிட்டயும் சொல்லாம கிளம்பிட்டா. வெள்ளிக்கிழமை இந்த லெட்டர் வந்துது. துருக்கில இருக்கா."

"கவர்?"

"கிழிச்சுப் போட்டுட்டேன். அதுல ஸ்டாம்ப் எதுவும் இல்லை. அங்கேர்ந்து வந்த டூரிஸ்ட் யார்கிட்டயோ குடுத்து அனுப்பியிருக்கா போல."

கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. அவளுடைய உதவியாளன் கிரீஷ். நாற்பது வயது. சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்து இரண்டு முறை லே-ஆஃப் ஆனவன். "நம்ம ஊர் மெயில் டெலிவரியை விட டூரிஸ்ட் டெலிவரி ஃபாஸ்ட்டா இருக்கு" என்றான்.

ஜெயபிரகாஷ் சிரித்தார். "அட்ரஸ் நிஜம், ஊர் நிஜம், அவ கையெழுத்துதான்னு ஒரு ரிப்போர்ட். சாயங்காலம் நாலு மணிக்குள்ள. நாளைக்கு எங்க லாயர் ஜட்ஜ்கிட்ட குடுக்கணும். அப்புறம் ஒரு ரிக்வெஸ்ட். அவ பொண்ணு ஸ்ம்ருதி குபெர்டினோல வேலை பார்க்கறா. அவளை மட்டும் கான்டாக்ட் பண்ணாதீங்க. பாவம், பயந்துடுவா."

தங்கையின் பழைய பிறந்தநாள் வாழ்த்து அட்டை ஒன்றையும் கையெழுத்தை ஒப்பிட வைத்துவிட்டு, குடையை உதறாமல் விரித்துக்கொண்டு போனார்.

ப்ரியம்வதா கடிதத்தை விரித்தாள். கோடு போட்ட மஞ்சள் தாள், சீரான தமிழ் எழுத்து.

*அன்புள்ள அண்ணாவுக்கு,*

*நான் நலம். கோர்ட், கேஸ் எல்லாம் எனக்கு வேண்டாம் என்று தோன்றிவிட்டது. யாரும் என்னைத் தேட வேண்டாம். 2015-இல் நாம் எல்லோரும் போய்த் தங்கினோமே, அதே யூசுஃபெலியில்தான் இருக்கிறேன். மாடி அறை. கீழே ஆறு. வலப்பக்கம் தூரத்தில் இரும்புப் பாலம். தோட்டத்தில் தேனீப் பெட்டிகள். ஜன்னலிலிருந்து பார்த்தால் வாசலில் சிவப்புக் கொடி தெரியும். காலையில் ஏறும், மத்தியானம் இறங்கும். இங்கேயும் நம்மைப் போலவே மோர் குடிக்கிறார்கள். குடித்ததும் நன்றாகத் தூக்கம் வருகிறது.*

*முகவரி: பி.கே. 214, 08825 யூசுஃபெலி, ஆர்ட்வின், துருக்கி.*

*லக்ஷ்மி*

இரண்டு கையெழுத்துகளையும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தாள். ஒரே கைதான். ஆனால் கடிதத்தில் எழுத்துகள் கொஞ்சம் சரிந்திருந்தன.

"மேடம், கேஸ் முடிஞ்சுது. ஸ்வீட்டைப் பிரிக்கலாமா?" என்றான் கிரீஷ். "08825-னு கூகிள்ல போட்டேன். துருக்கிக்கு ஃப்ளைட்டே வேண்டாம். ஃப்ரென்ச்டவுன், நியூ ஜெர்ஸி. இங்கேர்ந்து ஒரு மணி நேரம், டோல் கூட கிடையாது."

"நம்பரை மட்டும் போட்டா அப்படித்தான் வரும். துருக்கின்னு சேர்த்துத் தேடு."

அவன் தேடினான். பத்து நிமிஷத்தில் அந்த மாகாணமே ஸ்க்ரீனில் வந்து நின்றது.

"துருக்கில எண்பத்தோரு மாகாணம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். கார் நம்பர் பிளேட்ல முதல்ல அதான், போஸ்டல் கோட்லயும் முதல் ரெண்டு டிஜிட் அதான். ஆர்ட்வினுக்கு 08. நம்ம ஊர் ஜிப் கோடும் 08-ல ஆரம்பிக்குது, அவங்களுதும் 08. ரெண்டும் அஞ்சு டிஜிட். கூகிளே குழம்பும்போது நான் எந்த மூலைக்கு?"

"ஊர் எப்படி?"

"வடகிழக்கு மூலை, ஜார்ஜியா பார்டர். கருங்கடல் ஓரமா ஹோப்பான்னு ஒரு ஊர், தேயிலைத் தோட்டம். உள்ளே முழுக்க மலை. தேன் ஃபேமஸ். காளைகளை முட்டவிட்டு வேடிக்கை பார்க்கிற திருவிழா ஒண்ணு இருக்கு. யூசுஃபெலில சோரூ ஆறு, அதுல படகு விடற ஆளுங்க உலகம் பூரா இருந்து வருவாங்களாம். இதோ பாருங்க, 2014, 2015 போட்டோஸ். ஆறு இருக்கு, பாலம் இருக்கு, ஆத்தங்கரையில சின்னச் சின்ன லாட்ஜ் இருக்கு. பி.கே.ன்னா அவங்க பாஷைல போஸ்ட் பாக்ஸ். மோர் கூட இருக்கு, அய்ரான்னு பேரு. எல்லாம் கரெக்ட்."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ப்ரியம்வதா ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தை டைப் செய்யத் தொடங்கினாள். ஆனால் கடிதத்தின் ஒரு வரி அவளை விடவில்லை. *நன்றாகத் தூக்கம் வருகிறது.* ஓடிப்போன ஒருத்தி அண்ணனுக்கு எழுத வேண்டிய விஷயமா அது?

பதினொன்றரைக்கு ஜெயபிரகாஷ் கூப்பிட்டார். கிரீஷ் எடுத்தான்.

"ஆயிட்டே இருக்கு அங்கிள். ஒரே காமெடி. அந்த 08825-ஐ சும்மா தேடினா துருக்கி வரலை, ஃப்ரென்ச்டவுன் வருது! உங்க தங்கச்சி இவ்வளவு பக்கத்துல இருந்தா நாங்களே பிக்கப் பண்ணிட்டு வந்திருப்போம்."

மறுபக்கம் சத்தம் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று கிரீஷ் போனைப் பார்த்தான். பிறகு அந்த மெல்லிய குரல் வந்தது. "அப்படியா தம்பி" என்றது. லைன் கட்டானது.

"ஜோக் புரியலை போல" என்றான் கிரீஷ்.

ப்ரியம்வதா டைப் செய்வதை நிறுத்தியிருந்தாள். "ஸ்ம்ருதி நம்பர் கண்டுபிடி."

"பேசாதேன்னாரே?"

"இன்ஷூரன்ஸ்ல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. யார்கிட்ட பேசாதேன்னு சொல்றாங்களோ, அவங்ககிட்ட பேசற வரைக்கும் ஃபைலை மூடக் கூடாது."

நம்பர் கிடைக்க அரை மணி ஆயிற்று. குபெர்டினோவில் அப்போது காலை ஒன்பது. ஸ்ம்ருதி காரில் இருந்தாள், ஸ்பீக்கரில் பேசினாள். இருபத்தி மூன்று வயதுக் குரல், கேள்வி தமிழில் போனால் பதில் இங்கிலீஷில் வந்தது.

"மாமா டோல்ட் மீ ஷீ நீட்ஸ் ஸ்பேஸ். அம்மா ஃபோன்லேர்ந்து டெய்லி டெக்ஸ்ட் வருது. பட் ஷீ டைப்ஸ் வியர்ட். அம்மா எனக்கு எப்பவும் தமிழ்லதான் டெக்ஸ்ட் பண்ணுவாங்க. இப்ப எல்லாம் இங்கிலீஷ்."

"உன் அம்மா துருக்கில யூசுஃபெலின்னு ஒரு ஊர்ல இருக்கறதா லெட்டர் போட்டிருக்காங்கம்மா. நீங்க 2015-ல தங்கின இடமாம்."

காரின் இண்டிகேட்டர் டிக் டிக் என்று கேட்டது. அவள் ஓரம் கட்டுகிறாள் என்று ப்ரியம்வதாவுக்குப் புரிந்தது.

"தட்ஸ் நாட் பாஸிபிள்" என்றாள் ஸ்ம்ருதி. "ஆன்ட்டி, அந்த ஊர் இல்லை. இட்ஸ் அண்டர் வாட்டர்."

"என்னம்மா சொல்ற?"

"டாம் கட்டினாங்க. ஓல்ட் டவுன் ஃபுல்லா முழுகிடுச்சு. டூ, த்ரீ இயர்ஸ் எகோ. எல்லாரையும் மலை மேல நியூ டவுனுக்கு மாத்திட்டாங்க. அம்மா காட் மீ டு வாட்ச் த வீடியோ. நாங்க தங்கின லாட்ஜ், அந்த பிரிட்ஜ், எல்லாமே தண்ணிக்குள்ள போகும். ஷீ க்ரைட். மாமாகிட்ட சொல்லலை, ஹீ டஸன்ட் கேர் அபௌட் ஸச் திங்ஸ்." அவள் என்ஜினை அணைத்தாள். "ஆன்ட்டி, அம்மா எங்க?"

"கண்டுபிடிச்சுட்டுக் கூப்பிடறேன். அது வரைக்கும் மாமா கூப்பிட்டா எடுக்காதே."

கிரீஷ் அதற்குள் செய்திகளை எடுத்துவிட்டான். 2022 நவம்பரில் அணையில் நீர் தேக்கத் தொடங்கியிருந்தார்கள். பழைய யூசுஃபெலியின் கடைத்தெருவும் ஆற்றங்கரை விடுதிகளும் கீழே போய்விட்டன. படங்களில் மலைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீர் அசையாமல் நின்றது.

"அப்ப லெட்டர் பொய்" என்றான்.

"பொய்தான். எழுத வெச்ச பொய். ஆனா அதுக்குள்ள அவ உண்மையை எழுதியிருக்கா." ப்ரியம்வதா கடிதத்தை அவன் பக்கம் திருப்பினாள். "தூரமா ஒரு ஊர்ல இருக்கேன்னு எழுதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. எந்த ஊருன்னு அவ தேர்ந்தெடுத்தா. பொய்னு ஒரு நாள் தெரிய வரணும்னு முழுகின ஊரைத் தேர்ந்தெடுத்தா. யூசுஃபெலியோட கோட் என்ன?"

கிரீஷ் பார்த்தான். "08800."

"அவ எழுதினது?"

"08825. லிஸ்ட்ல நான் பார்த்த வரைக்கும் அங்க அப்படி ஒரு நம்பர் இல்லை."

"ஆர்ட்வின் 08-னு அவளுக்குத் தெரியும். நம்ம ஊரும் 08-னு தெரியும். முதல் மூணு டிஜிட்டை அப்படியே வெச்சுக்கிட்டு கடைசி ரெண்டை மாத்தியிருக்கா. படிச்சுப் பார்த்தவனுக்கு அது துருக்கி மாதிரியே இருக்கும், தெரிஞ்ச ஜிப் கோடா இருந்தாலும் உறைக்காது. இப்ப மீதியைப் படி. துருக்கியை மறந்துட்டுப் படி. ஆறு, இரும்புப் பாலம்."

"ஃப்ரென்ச்டவுன்ல டெலவேர் ஆறு. அதுக்கு மேல இரும்புப் பாலம், அந்தப் பக்கம் பென்சில்வேனியா."

"வாசல்ல சிவப்புக் கொடி. காலையில ஏறும், மத்தியானம் இறங்கும்."

"துருக்கிக் கொடி சிவப்புதானே மேடம்? யாராவது ஏத்தி இறக்கு..." அவன் நிறுத்தினான். கிராமப்புறத்து வீடுகளின் வாசலில் கம்பத்தில் நிற்கும் தபால்பெட்டி அவன் கண்முன் வந்தது. அனுப்ப வேண்டிய தபால் உள்ளே இருந்தால் பக்கவாட்டிலுள்ள சின்ன சிவப்புத் தகடைத் தூக்கி வைப்பார்கள். தபால்காரர் எடுத்துக்கொண்டு இறக்கிவிட்டுப் போவார். அதற்குப் பெயரே கொடிதான்.

"மெயில்பாக்ஸ்" என்றான். "பி.கே. 214. மெயில்பாக்ஸ் நம்பர் 214."

"மோரைக் குடிச்சா தூக்கம் வருது. அதுக்கு டிரான்ஸ்லேஷன் வேணுமா?"

கிரீஷ் எழுந்து நின்றான். "மேடம், நான் அவர்கிட்ட சொல்லிட்டேன். ஃப்ரென்ச்டவுன்னு நானே போன்ல சொல்லிட்டேன். பிக்கப் பண்ணிட்டு வருவோம்னு சிரிச்சேன்."

ப்ரியம்வதா மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபது. போன் வந்து ஐம்பது நிமிஷம்.

"காரை எடு" என்றாள்.

ஆற்றோரச் சாலையில் போகும்போதே அவள் 911-ஐக் கூப்பிட்டு, பெயர், வழக்கு, கடிதம், 214 என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். ஃப்ரென்ச்டவுனைச் சுற்றி 214 என்ற எண் எத்தனை வாசலில் இருக்கும் என்று மறுமுனையில் எமர்ஜென்சி ஆபரேட்டர் பெண் கேட்டாள். "ஆறும் பாலமும் தெரியற வீடு. தோட்டத்துல தேனீப் பெட்டி இருக்கும்" என்றாள் ப்ரியம்வதா. ஒரு போலீஸ்காரரை அனுப்பி விசாரிக்கச் சொல்வதாகப் பதில் வந்தது.

லாம்பர்ட்வில் தாண்டியதும் சாலை குறுகியது. இடது பக்கம் டெலவேர், மழைத்தண்ணீரில் பழுப்பாக, கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. இலையில்லாத மரங்கள். எதிரே வண்டியே இல்லை. கிரீஷ் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"கிரீஷ்."

"அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அது என் ஜோக்கால மேடம்."

"ஸ்பீட் லிமிட்டைப் பார்த்து ஓட்டு. போலீஸ் நம்மளை நிறுத்தினா இன்னும் பத்து நிமிஷம் போகும்."

ஊருக்கு ஒரு மைல் முன்னால், சரிவில், வெள்ளைப் பலகை அடித்த மாடி வீடு. தோட்டத்தில் நீலமும் வெள்ளையுமாகப் பெட்டிகள், குளிருக்காகக் கறுப்புத் துணி சுற்றியிருந்தது. வாசலில் தபால்பெட்டி, 214. அதன் சிவப்புத் தகடு இறங்கியிருந்தது.

போலீஸ் கார் ஏற்கனவே வந்திருந்தது. அதற்கு முன்னால் ஜெயபிரகாஷின் கார். டிக்கி திறந்திருக்க, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிக்கிக்குள் ஒரு கம்பளியும் தார்ப்பாயும் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

ஜெயபிரகாஷ் வராந்தாவில் நின்று இளம் போலீஸ்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். கையில் கடிதத்தின் நகல். இது தன்னுடைய வாரக்கடைசி வீடு, தங்கை துருக்கியில் இருக்கிறாள், இதோ அவளே எழுதியது, பாவம் யாரோ தவறான தகவல் கொடுத்திருக்கிறார்கள் என்று அதே மெல்லிய குரலில் விளக்கினார். போலீஸ்காரர் தலையாட்டி, நோட்டை மூடப் போனார். வாசற்படியில் ஒரு அம்மாள் நின்றிருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் தடித்த ஜாக்கெட், ஈரக்கை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "எஸ் எஸ்" என்றாள். இங்கிலீஷ் அவளுக்கு அவ்வளவுதான் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

ப்ரியம்வதாவைக் கண்டதும் ஜெயபிரகாஷின் பேச்சு ஒரு கணம் தடைப்பட்டது. "மேடம், நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்? நாலு மணிக்கு நானே வந்திருப்பேனே."

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. நேராக அந்த அம்மாளிடம் போனாள். "வணக்கம்மா. எந்த ஊருங்க நீங்க?"

அந்த முகம் மலர்ந்தது. "பொள்ளாச்சிப் பக்கமுங்க. நாகமணிங்க எம் பேரு. இங்க சமையலு, தேனு, எல்லாம் நான்தானுங்க பாத்துக்கறது."

"நாகமணி, உள்ள போங்க" என்றார் ஜெயபிரகாஷ்.

"ஒரே நிமிஷம்" என்றாள் ப்ரியம்வதா, குரலை உயர்த்தாமல். "மாடில இருக்கறவங்களுக்கு மோர்ல என்னம்மா கலந்து குடுக்கறீங்க?"

"மாத்திரைங்க. டாக்டரு எழுதினதுன்னு ஐயா குடுத்தாருங்க. அவிய தங்கச்சிக்கு மனசு சரியில்லீங்களே. வெளிய உட்டா ஆத்துல குதிச்சுப்போடுவாங்கன்னு கதவைப் பூட்டச் சொன்னாருங்க. அரைத் தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து, ஏதோ மூணு பேரு பேரைச் சொல்லீட்டே இருப்பாங்க, பாவம்."

போலீஸ்காரர் நோட்டை மறுபடி திறந்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். கிரீஷ் முன்னால் வந்து ஒவ்வொரு வார்த்தையாக இங்கிலீஷில் சொன்னான். ஒன்றையும் விடவில்லை.

"அவளுக்கு உடம்பு சரியில்லை ஆஃபீசர், குடும்ப மானத்துக்காகத்தான் மறைச்சேன்" என்று ஜெயபிரகாஷ் இங்கிலீஷில் அவசரமாகச் சொன்னார். துருக்கி அப்படியே மறைந்துபோயிற்று.

நாகமணி கலவரத்தோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "ஏனுங்க, நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனுங்களா? மதியம் சாப்பாடு கூட நான் எடுத்து வெச்சிருந்தேனுங்க. ஐயாதான் போன்ல சொன்னாருங்க, இன்னிக்கு மதியத்துல இருந்து அவங்களுக்குச் சோறு வெக்க வேண்டாம்னு. இனிமே வேண்டியதில்லைன்னாருங்க."

இதை ப்ரியம்வதாவே போலீஸ்காரருக்கு இங்கிலீஷில் சொன்னாள்.

அவளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. அந்த ரிப்போர்ட் நாளைய ஒரு நாளுக்காக மட்டும் இல்லை. அனந்தலக்ஷ்மி துருக்கியில் இருக்கிறாள் என்று லைசென்ஸ் உள்ள ஒருத்தி கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அவள் எங்கே காணாமல் போனாலும் துருக்கியில்தான் தேடுவார்கள். டெலவேர் ஆற்றில் யாரும் தேட மாட்டார்கள்.

போலீஸ்காரர் ஜெயபிரகாஷை வராந்தாவின் தூணருகே நிற்கச் சொன்னார். கைகளை வெளியே தெரியும்படி வைக்கச் சொன்னார். ரேடியோவில் இன்னொரு வண்டியைக் கூப்பிட்டார். நாகமணியிடம் சாவி கேட்க, அவள் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அனந்தலக்ஷ்மி மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். மெலிந்திருந்தாள். காலில் இரண்டு வேறு வேறு சாக்ஸ். நடுப்படியில் நின்று ஹாலில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

"இன்னிக்கு என்ன தேதி?" என்றாள்.

"பதினேழு. திங்கட்கிழமை" என்றாள் ப்ரியம்வதா.

"அப்ப இன்னும் முடியலை." அவள் கண்ணை மூடித் திறந்தாள். "எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு அண்ணா போன வாரமே சொன்னான்."

திறந்திருந்த வாசல் வழியாக அவள் அண்ணனைப் பார்த்தாள். அதற்குள் அவர் கைகள் பின்னால் பூட்டப்பட்டிருந்தன. கார் டிக்கி இன்னும் திறந்தே கிடந்தது. அவள் பார்வை அந்தத் தார்ப்பாயில் போய் நின்றது.

"லக்ஷ்மி, உன்னை ஊருக்கு அனுப்பத்தான் வந்தேன். ப்ராமிஸ்" என்றார் அவர்.

"பாஸ்போர்ட் கொண்டு வந்தியா அண்ணா?"

போலீஸ்காரர் அவரைத் தன் காரை நோக்கி நடத்திக்கொண்டு போனார்.

நாகமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அனந்தலக்ஷ்மி அவளைக் கடந்து போகும்போது நின்று, "உங்க மேல எனக்குக் கோபம் இல்லை" என்றாள். பிறகு, "ஆனா நான் கதவைத் தட்டினதெல்லாம் உங்களுக்குக் கேட்டுது" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, வாக்குமூலம் எழுதி முடிக்க மாலையாகிவிட்டது. ஸ்ம்ருதி சான் ஃப்ரான்சிஸ்கோவில் விமானம் ஏறிவிட்டாள். டாக்டர் ஒரு நாள் தங்கச் சொன்னார். அனந்தலக்ஷ்மி மறுத்து, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ப்ரியம்வதாவின் காரில் ஏறிக்கொண்டாள்.



"அந்த மாத்திரை போட்டா எல்லாம் மறந்து போகும்" என்றாள் திடீரென்று. "அதனால தினமும் சொல்லிப் பார்த்துப்பேன். இப்ப சொல்றேன். உங்ககிட்ட அந்த கேஸ் பேப்பர் இருக்கா? தப்பு இருந்தா நிறுத்துங்க."

கிரீஷ் போனில் அந்த வழக்கின் செய்தியை எடுத்து, வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான்.

"ஓவன், ரெண்டு வயசு. மியா, பதினாலு மாசம். டியாகோ, மூணு வயசு." அவள் ஒவ்வொரு பெயருக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்தினாள். "பக்கிள் டெஸ்ட் நாப்பது தடவை. ஒன்பது தடவை திறந்துது. ரிப்போர்ட்ல ஒண்ணும் திறக்கலைன்னு மாத்தினாங்க. மாத்தின நாள் மார்ச் நாலு. கையெழுத்து எங்க அண்ணாவோடது."

"பேர் மூணும் கரெக்ட்" என்றான் கிரீஷ் மெதுவாக. "டெஸ்ட் பத்தி இதுல எதுவும் இல்லை. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"தெரியும்" என்றாள் அவள். "இன்னொரு தடவை சொல்றேன்."

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு, மகள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க, அனந்தலக்ஷ்மி சாட்சிக் கூண்டில் ஏறினாள். உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே பேசுகிறேன் என்றாள். பேசி முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று.